தண்ணீரும் சுத்தம்தான்

மொங்கியா யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே, எதிரே நிற்கும் பெண்ணின் மோதிர விரலை ஒரு பார்வை பார்ப்பாள். படிவத்தில் இருக்கும் இரண்டு கட்டங்களில் ஒன்றில் பேனாவால் ஒரு கிறுக்கு. கல்யாணம் ஆனவள் என்றால் 'மதாம்', ஆகாதவள் என்றால் 'மத்மஸெல்'. மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவள் என்றால் அவள் கைப்பையைப் பார்த்துத் தீர்மானிப்பாள்; பிள்ளை பெற்றவளின் பையில் ஒரு பிஸ்கட் பொட்டலமாவது இருக்கும் என்பாள். இருபத்தோரு வருஷத்தில் நான்கே முறைதான் தப்பியிருக்கிறதாம்.

அந்தக் கட்டத்தைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம் நடக்கும். ஸஃபாக்ஸ் நகரில், கிரெம்தா சாலையில் அந்தக் கட்டடம். மேல்மாடியில் பரிசோதனைக்கூடம், கீழே மருத்துவச்சி சாயிதாவின் அறை. பெண்கள் முதலில் மேலே வந்து படிவமும், திரவம் நிரப்பிய சின்ன பாட்டிலும் வாங்கிக்கொண்டு கீழே போவார்கள். சாயிதா படிவத்தைப் பார்ப்பாள். 'மதாம்' என்றால் கர்ப்பப்பை வாய் வரைக்கும் பிரஷ்ஷை விட்டு, நன்றாகச் சுழற்றி எடுப்பாள். 'மத்மஸெல்' என்றால் ஒரு பஞ்சுக் குச்சியால் வெளியே தொட்டும் தொடாமலும் எடுத்து, பாட்டிலில் முக்கிக் கொடுத்துவிடுவாள். நாளைக்கு ஒரு அண்ணனோ அப்பாவோ வந்து நின்று, எங்கள் வீட்டுப் பெண்ணை என்ன செய்தாய் என்று கேட்டுவிடக் கூடாது அல்லவா? அப்படி எடுக்கச் சொல்லி அவளுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அப்படி எடுக்காதே என்றும் யாரும் சொல்லவில்லை.

முடிவைத் தொலைபேசியில் சொல்வதும் மொங்கியாவின் வேலைதான். 'பாப்பிலோமா வைரஸின் உயர் ஆபத்து வகைகள் காணப்படவில்லை' என்று காகிதத்தில் இருக்கும். அவ்வளவையும் வாசித்தால் எதிர்முனையில் இருப்பவள் பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவாள். அதனால் மொங்கியா எப்போதோ அதை ஒரே சொல்லாகச் சுருக்கிவிட்டாள்.

"சுத்தம்மா. நீ சுத்தம். போய் வேலையைப் பாரு."

கூடத்தில் எல்லோருக்கும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. இன்று எத்தனை சுத்தம், எத்தனை 'டாக்டரைப் பாருங்க' என்றுதான் கேட்டுக்கொள்வார்கள்.

ஷிராஸும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். வயது இருபத்தாறு. கர்ப்பப்பை வாய்ப் புற்றை உண்டாக்கும் அந்த வைரஸின் மரபுப்பொருளைப் பெருக்கிப் பார்க்கும் இயந்திரம் இருந்த உள்ளறையில் அவள் ஒருத்திக்குத்தான் வேலை. தன்மேல் அவளுக்கு அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. குளிர்ப்பெட்டியை மூடினோமா என்று படியிறங்கியவள் திரும்பி ஏறிப் பார்ப்பாள். அதனால் சதுரக் கோடு போட்ட ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிவைப்பாள்: தேதி, மாதிரி எண், பாட்டில் பார்ப்பதற்கு எப்படி இருந்தது, இயந்திரம் என்ன சொன்னது. கலங்கல், கலங்கல், ரத்தம் கலந்தது, தெளிவு, கலங்கல். அந்த நோட்டை யாரும் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று அவளுக்கும் தெரியாது.

அதுவரை பயன்பட்ட பழைய சோதனைக் கிட்டில் ஒவ்வொரு மாதிரிக்கும் இயந்திரத் திரையில் நான்கு கோடுகள் வரும். முதல் கோடு பதினாறாம் வகை வைரஸுக்கு, இரண்டாவது பதினெட்டாம் வகைக்கு, மூன்றாவது மற்ற பன்னிரண்டு வகைகளுக்கும் சேர்த்து. நான்காவது கோட்டுக்கு வைரஸோடு சம்பந்தமே இல்லை. அது மனித உடலின் செல்லில் மட்டும் இருக்கும் ஒரு மரபணுவுக்கானது. அந்தக் கோடு எழும்பினால் பாட்டிலுக்குள் ஒரு பெண்ணின் செல்கள் வந்து சேர்ந்திருக்கின்றன என்று அர்த்தம். எழும்பாவிட்டால் மற்ற மூன்று கோடுகள் தரையோடு தரையாகக் கிடந்தாலும் அதற்கு மதிப்பில்லை. 'செல்லாது, மறுபடி எடுக்கவும்' என்று இயந்திரமே அச்சடித்துவிடும்.

இலையுதிர் காலத்தில் பழைய கிட் துறைமுகத்தில் சிக்கிக்கொண்டது. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்றார்கள், வரவில்லை. அதற்குப் பதில் வேறொரு கம்பெனியின் கிட் வந்தது. அதிலும் நான்கு கோடுகள்தான். செய்முறைத் தாள் மட்டும் இங்கிலீஷில் இருந்தது. கூடத்தில் எல்லோருக்கும் பிரெஞ்சு தெரியும், இங்கிலீஷ் யாருக்கும் வராது. கிட்டைக் கொண்டுவந்த விற்பனையாளர் ஒரு மதியம் நின்று, எதில் எவ்வளவு விட வேண்டும் என்று செய்து காட்டிவிட்டுப் போனார். ஷிராஸ் செவ்வாயும் வெள்ளியும் மாலையில் இங்கிலீஷ் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். வகுப்பில் 'என் நாள்' என்ற தலைப்பில் ஐந்து வரி எழுதும் நிலையில்தான் இருந்தாள். தாளை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள், பிறகு படிக்கலாம் என்று.

ஆறு வாரம் போனது. அந்த ஆறு வாரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு மாதிரிகள். பழைய கிட்டில் நூற்றுக்கு நாலைந்தாவது 'செல்லாது' என்று வரும். புதியதில் ஒன்றுகூட வரவில்லை. முதலில் ஷிராஸ் சந்தோஷப்பட்டாள், தன் கை பழகிவிட்டது என்று. பிறகு அவளுக்கே அது நம்பும்படியாக இல்லை.

அந்தத் திங்கட்கிழமைதான் மொங்கியா உள்ளறைக்கு வந்தாள், கையை மேலங்கிப் பைக்குள் விட்டபடி. பெருநாள் முடிந்த மறுநாள் உப்பு மீனும் திராட்சை போட்ட ஷர்மூலாக் குழம்பும் டப்பாவில் கொண்டுவந்து திணிப்பாளே, அதே மாதிரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு பாட்டிலை மேசையில் வைத்தாள்.

"பொண்ணே, இதையும் சேர்த்து ஓட்டு. பேரு போடாத, நம்பர் போதும்."

"படிவத்துல பேரு இருக்குமே, லல்லா மொங்கியா." வயதில் மூத்த பெண்களை ஷிராஸ் லல்லா சேர்க்காமல் கூப்பிட்டதில்லை.

"படிவம் என் டிராயர்ல இருக்கு. உனக்கு எதுக்கு பேரு? உன் மெஷின் பேரு சொல்லிக் கூப்பிட்டாதான் திரும்பிப் பார்க்குமா?"

"யாரோடது?"

"உங்க மாமியாரோடது."

"எனக்குக் கல்யாணமே ஆகலையே."

"அப்போ எனக்கும் உனக்கும் ஒரே மாமியார்தான். ஓட்டுடி."

மொங்கியாவுக்கு நாற்பத்தைந்து வயது. ஒன்பது வருஷம் நிச்சயமாகி இருந்தவன் பலெர்மோவுக்குப் படகேறிப் போய், அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு அண்ணன் ஃபெத்ஹியின் வீட்டில் இருந்தாள். அவள் படிவத்தில் எந்தக் கட்டம் நிரம்பியிருக்கும் என்று ஷிராஸுக்குப் பார்க்காமலே தெரிந்தது. பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். செல் உள்ள பாட்டில் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி லேசாகக் கலங்கி இருக்கும். இதில் அந்தப் பக்கத்து மசூதிக் கோபுரம் கண்ணாடியில் தெரிவதுபோலத் தெரிந்தது. நோட்டில் 'தெளிவு' என்று எழுதினாள்.

மூன்றரை மணி நேரத்தில் முடிவு வந்தது. மூன்று கோடுகள் தரையில். நான்காவது அழகாக எழும்பியிருந்தது. காணப்படவில்லை, சோதனை செல்லும்.

மொங்கியா கதவில் சாய்ந்து நின்றிருந்தாள். "என்ன, சுத்தமா?"

"மெஷின் அப்படித்தான் சொல்லுது."

"சொல்லுதுல்ல? அப்புறம் ஏன் மூஞ்சியை ஆறிப்போன லப்லாபி சூப் மாதிரி வச்சிருக்க?"

'காணப்படவில்லை' என்ற முடிவுகளுக்குக் கூடத்தின் தலைவர் டாக்டர் ஃபாவ்ஸியின் கையெழுத்து கம்ப்யூட்டரிலேயே தானாக விழுந்துவிடும். மொங்கியா தன் இடத்துக்குப் போய் தன் காகிதத்தைத் தானே அச்செடுத்து, நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அன்று மதியம் வரிசையில் நின்ற எல்லோரிடமும் சிரித்துப் பேசினாள்.

மறுநாள் மாலை ஷிராஸ் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, அகராதியை வைத்துக்கொண்டு செய்முறைத் தாளைப் பிரித்தாள். பதினான்கு பக்கம். பதினோராம் பக்கத்தில், அட்டவணைக்கு அடியில், மற்ற எழுத்தைவிடச் சின்ன எழுத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து எழுதினாள். எழுதியதை நம்பாமல் ஆசிரியையிடம் கொண்டுபோய்க் காட்டினாள். ஆசிரியை வாய்விட்டு வாசித்து, சரியாகத்தான் மொழிபெயர்த்திருக்கிறாய், 'சப்ளைட்' என்றால் கம்பெனியே கொடுத்தது என்று அர்த்தம் என்றாள். அந்த வாரத்தின் நல்ல வேலை என்று பாராட்டவும் செய்தாள்.

நான்காவது கோடு இந்தக் கிட்டில் மனித செல்லுக்கானது அல்ல. கம்பெனியே ஒரு செயற்கை மரபுத் துணுக்கை மருந்தோடு கலந்து அனுப்பியிருக்கிறது. சோதனை ஒழுங்காக நடந்ததா என்பதை மட்டுந்தான் அது காட்டும். மாதிரியில் செல் இருந்ததா இல்லையா என்பதைக் காட்டாது. மாதிரி ஒழுங்காக எடுக்கப்பட்டதா என்பது எடுத்தவரின் பொறுப்பு.

புதன் காலை ஷிராஸ் முதல் வேலையாக மொங்கியாவின் கோடுகளைத் திரையில் திறந்தாள். அதன்மேல் அதே நாள் ஓட்டிய மாதிரித் தட்டின் கடைசிக் குழியின் கோடுகளை வைத்தாள். கடைசிக் குழியில் எப்போதும் வெறும் தண்ணீர்தான் இருக்கும். மற்ற குழிகளிலிருந்து எதுவும் சிந்திக் கலந்துவிடவில்லை என்று உறுதி செய்வதற்காக. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து ஒரே கோடாகத் தெரிந்தன. ஆறு வாரமாகத் தினமும் அந்தத் தண்ணீர்க் குழியைப் பார்த்து 'சரி' என்று டிக் போட்டுக்கொண்டிருந்தவள் அவள்தான். தண்ணீருக்கு வரும் முடிவும் பெண்ணுக்கு வரும் முடிவும் ஒன்றாக இருக்கிறதே என்று ஒரு நாளாவது தோன்றியிருக்க வேண்டாமா?

ஆனாலும் அவளுக்குச் சந்தேகம் தீரவில்லை. இங்கிலீஷில் ஐந்து வரி எழுதத் தெரிந்தவள் பதினோராம் பக்கத்தைப் புரிந்துகொண்டுவிட்டாளா என்ன? கை கழுவும் தொட்டிக் குழாயிலிருந்து ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்தாள். படிவத்தில் தன் பெயரையே எழுதினாள். 'மத்மஸெல்' கட்டத்தில் கோடு போட்டாள். ஓட்டினாள். மதியம் இரண்டு மணிக்கு டாக்டர் ஃபாவ்ஸியின் கையெழுத்தோடு காகிதம் வந்து விழுந்தது. அதை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள்.

டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாசித்தார். "வாழ்த்துகள். சுத்தமா இருக்க."

"அது குழாய்த் தண்ணி, டாக்டர்."

அவர் காகிதத்தை மேசைமேல் வைத்தார். கண்ணாடி கீழே இறங்கியது.

"எதுக்கு இந்த விளையாட்டு?"

அவள் செய்முறைத் தாளைக் காட்டினாள். தான் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம் என்று தொடங்கி, முடிவிலும் அதையே சொன்னாள். நடுவில் சொன்னதைத்தான் அவர் கேட்டார்.

"எனக்குத் தெரியும்மா. கிட் அங்கீகாரம் வாங்கின கிட். சட்டப்படி சரி."

"செல்லே இல்லாத பாட்டிலுக்கும் இல்லைன்னு வருதே டாக்டர்."

"நாம என்ன எழுதுறோம்? வைரஸ் இல்லைன்னா எழுதுறோம்? காணப்படலைன்னு எழுதுறோம். உன் குழாய்த் தண்ணியில வைரஸ் இருந்துதா?"

"இல்லை."

"காணப்பட்டதா?"

"இல்லை."

"அப்போ இந்தப் பேப்பர்ல எந்த வார்த்தை பொய்? காட்டு."

உண்மையாகவே ஒரு வார்த்தையும் பொய் இல்லை. நின்றபடியே இரண்டு முறை வாசித்துப் பார்த்தாள்.

"இருநூறு பொம்பளைங்களைக் கூப்பிட்டு, உங்க பாட்டில்ல நீங்க இருந்தீங்களான்னு எங்களுக்குத் தெரியலைன்னு சொல்லவா? நாளைக்கு இந்தப் படியை யாரு ஏறுவா? பழைய கிட் வந்துரும். அதுவரைக்கும் சாயிதாகிட்ட நல்லா எடுக்கச் சொல்றேன். போ." அவள் கதவருகில் போனதும், "உன் பேப்பரைக் கிழிச்சுப் போடு. பொய்யான மாதிரியை ஓட்டக் குடுக்குறது குத்தம்," என்றார்.

அவள் கிழிக்கவில்லை. நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

மொங்கியாவிடம் சொல்வதற்கு அவளுக்கு இரண்டு நாள் ஆனது. வெள்ளிக்கிழமை மதியம் வரிசை ஓய்ந்த பிறகு, தேநீர்க் கிளாஸோடு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

"லல்லா, அந்த பாட்டிலை மறுபடி எடுக்கணும்."

"எந்த பாட்டில்?"

"நம்ம மாமியாரோடது."

மொங்கியா சிரிக்கவில்லை. "சுத்தம்னு வந்துச்சே."

"அது தண்ணி, லல்லா. அதுல நீங்களே இல்லை. சாயிதா வெளியிலயே தொட்டு எடுத்திருக்கா. உள்ள வரைக்கும் எடுத்தாதான் தெரியும். நீங்க அந்தக் கட்டத்தை மட்டும் மாத்திக் குடுத்தீங்கன்னா..."

"எந்தக் கட்டத்தை?"

ஷிராஸ் மேசைமேல் கிடந்த வெற்றுப் படிவத்தைப் பார்த்தாள்.

"இருபத்தோரு வருஷமா இந்தக் கட்டடத்துல எல்லாரும் என்னை மத்மஸெல் மொங்கியான்னுதான் கூப்பிடுறாங்க. டாக்டர்லேருந்து பெருக்குறவன் வரைக்கும். இப்போ சாயிதாகிட்ட போய் நீட்டுறதா, இந்தா, மதாம் மொங்கியா வந்திருக்கேன்னு? சாயங்காலத்துக்குள்ள பாப் திவான் கோட்டை வாசல் வரைக்கும் போயிருக்கும்."

"அப்போ வேற இடத்துல..."

"கேளு. அந்தப் பேப்பர் வீட்டுல என் பையிலேருந்து கீழ விழுந்துருச்சு. எங்க அண்ணன் எடுத்தான். பொம்பளைங்க பேப்பர்னு தெரிஞ்சுபோச்சு, காணப்படவில்லைன்னா என்னன்னு கேட்டான். எனக்குப் பழக்கதோஷம். வாய்ல வந்துருச்சு. சுத்தம்னு அர்த்தம்னேன்." மொங்கியா கிளாஸைக் கீழே வைத்தாள். "அவன் என்ன பண்ணான் தெரியுமா? எந்திரிச்சு வந்து என் நெத்தியில முத்தம் குடுத்தான். அவன் கண்ணுல தண்ணி. அந்த நாய் படகேறிப் போன நாள்லேருந்து அவன் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனா மனசுல வச்சிருந்திருக்கான். அன்னைக்கு சாயங்காலம் பெரிய வராட்டா மீனா பார்த்து ரெண்டு கிலோ வாங்கிட்டு வந்தான். அண்ணிகிட்ட சொல்றான், பார்த்தியா, என் தங்கச்சிக்கு டாக்டரே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காருன்னு."

"அது அதுக்கான பேப்பர் இல்லையே, லல்லா!"

"எனக்குத் தெரியாதா? சுத்தம்னு சொன்னது யாரு, நான்தானே. இப்போ மறுபடி எடுக்கணும்னா அவன் என்ன கேப்பான்? சுத்தமா இருக்கிறவளுக்கு எதுக்கு ரெண்டாவது தடவைன்னு கேப்பான்." எழுந்து, காலியான வரிசையைப் பார்த்துக் கத்தினாள்: "அடுத்து யாரு?"

யாரும் இல்லை.

மூன்று வாரம் அவள் ஷிராஸிடம் வேலை விஷயம் தவிர எதுவும் பேசவில்லை. ஒரு காலை, கூடம் திறக்கும் முன்னால், உள்ளறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். உதட்டுச்சாயம் பூசியிருந்தாள், முகம் மட்டும் வெளுத்திருந்தது.

"தானே எடுத்துக்கிற பிரஷ்னு ஒன்னு இருக்குல்ல. அதைக் குடு."

ஷிராஸ் எடுத்துக் கொடுத்தாள். எவ்வளவு தூரம் விட வேண்டும், எத்தனை முறை சுழற்ற வேண்டும் என்று சொல்லத் தொடங்கினாள்.

"தெரியும்டி. நான் ஒன்னும் மத்மஸெல் இல்லை." கதவுப் பிடியில் கை வைத்தவள் திரும்பாமலே சொன்னாள். "நாலு மாசமா நடுநடுவுல ரத்தம் படுது. அதுக்காகத்தான் அன்னைக்கே எடுத்தேன். சுத்தம்னு வந்ததும் வயசு கோளாறுன்னு விட்டுட்டேன்."

அவள் கழிப்பறையிலிருந்து திரும்பி வந்தபோது பாட்டில் கலங்கியிருந்தது. அடியில் சிவப்பாக ஒரு இழை.

பழைய கிட்டில் எட்டுக் குழிக்கு மருந்து மிச்சம் இருந்தது. காலாவதியாகிப் பத்தொன்பது நாள். ஷிராஸ் அதை எடுத்து மேசையில் வைத்தாள். பிறகு ஒரு குழியில் வைரஸ் இருப்பது ஏற்கெனவே தெரிந்த ஒரு பழைய மாதிரி, ஒன்றில் தண்ணீர், ஒன்றில் அன்றைக்குத் தன் பெயரில் பிடித்த குழாய்த் தண்ணீர், மீதி ஐந்திலும் மொங்கியா. ஒரு தடவை வருவதை ஷிராஸ் நம்பமாட்டாள்.

குழாய்த் தண்ணீருக்கு 'செல்லாது, மறுபடி எடுக்கவும்' என்று வந்தது. மொங்கியாவுக்கு நான்காவது கோடு ஐந்து குழியிலும் எழும்பியது. அதற்கும் முன்னாலேயே, இயந்திரத்தின் இருபத்திரண்டாம் சுற்றில், முதல் கோடு எழும்பியிருந்தது. பதினாறாம் வகை. அத்தனை சீக்கிரம் எழும்பினால் வைரஸ் ஏராளமாக இருக்கிறது என்று அர்த்தம்.

மொங்கியா திரையை எட்டிப் பார்த்தாள். இருபத்தோரு வருஷத்தில் அவள் கோடுகளைப் பார்த்ததில்லை, காகிதத்தைத்தான் பார்த்திருக்கிறாள்.

"இதுல நான் எது?"

ஷிராஸ் நான்காவது கோட்டைக் காட்டினாள்.

"அதுக்கு முன்னாடி போறது?"

"அது... டாக்டரைப் பாருங்க, லல்லா."

டாக்டர் ஃபாவ்ஸி கையெழுத்துப் போட மறுத்தார். கோபப்படவில்லை. காலாவதியான மருந்தில் செய்த சோதனைக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது, தணிக்கை வந்தால் கூடத்தை மூடிவிடுவார்கள் என்றார். அவர் சொன்னதும் சரிதான். அதிலும் ஒரு வார்த்தை பொய் இல்லை. பெரியாஸ்பத்திரியில் மொங்கியா கேட்டுப் பார்த்தாள். கையெழுத்தோடு இருந்த ஒரே காகிதம் 'காணப்படவில்லை' என்றது. அதை வைத்து வரிசையில் போட்டால் ஐந்து மாதம் கழித்துத் தேதி. மற்றதற்குக் கையெழுத்தும் இல்லை, முத்திரையும் இல்லை.

கையெழுத்துத்தான் டாக்டருடையது. முத்திரை மொங்கியாவின் டிராயரில் இருந்தது.

வியாழக்கிழமை காலை அவள் ஷிராஸைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். "எழுது. உனக்கு என்ன தெரியுமோ அதை எழுது. காலாவதின்னும் எழுது."

ஷிராஸ் எழுதினாள். அடித்துத் திருத்தி மூன்றாவது தாளில்தான் முடித்தாள். தன் பெயரையும் 'தொழில்நுட்பப் பணியாளர்' என்பதையும் அடியில் போட்டாள். அந்தப் பதவிக்கு எதையும் சான்றளிக்கும் அதிகாரம் கிடையாது என்று இருவருக்கும் தெரியும். மொங்கியா முத்திரையை மைப்பெட்டியில் அழுத்தி, வழக்கம்போல ஒரே குத்தாகக் குத்தினாள். பிறகு ஆஸ்பத்திரிப் படிவத்தை எடுத்துத் தன் பெயரை எழுதி, 'மதாம்' கட்டத்தில் பேனாவை வைத்தாள். மற்றவர்களுக்குப் போடுவது மாதிரி கிறுக்கவில்லை. நிதானமாக ஒரு கோடு, அதன் குறுக்கே இன்னொரு கோடு.

"வீட்டுல?" என்றாள் ஷிராஸ்.

"பல் டாக்டர்கிட்ட போறேன்னு சொல்லியிருக்கேன். பல்லுக்குக் கட்டம் கிடையாதே."

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டாக்டர் முத்திரையைப் பார்த்தாள், கையெழுத்தைப் பார்க்கவில்லை. திங்கட்கிழமைக்கே தேதி போட்டாள். சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுதான், கர்ப்பப்பை வாயைத் தாண்டவில்லை. அடுத்த மாதம் பத்தாம் தேதி அறுவை. அதுவரை வேலைக்கு வரலாம் என்றார்கள், வந்தாள். ஃபெத்ஹியிடம் கர்ப்பப்பையில் கட்டி என்று மட்டும் சொல்லியிருந்தாள். அவன், சுத்தமான பெண்ணுக்குத்தான் கடவுள் சோதனை வைப்பார் என்று சொல்லி அழுதானாம். அதைச் சொல்லும்போது மொங்கியாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அடிவயிறு வலிக்கிறது என்று நிறுத்திக்கொண்டாள்.

டிசம்பரில் பழைய கிட் துறைமுகத்திலிருந்து வந்து சேர்ந்தது. புதியதில் மிச்சம் இருந்ததை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு ஓரமாக வைத்தார்கள். அந்த மாதங்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஷிராஸின் நோட்டில் 'தெளிவு' என்று முப்பத்தொரு இடத்தில் இருந்தது. சரியாக எண்ணினோமா என்று மூன்று முறை எண்ணினாள். மொங்கியாவைக் கழித்தால் முப்பது. மொங்கியா டிராயரிலிருந்த படிவங்களிலிருந்து அந்த முப்பது பேரின் தொலைபேசி எண்களையும் எடுத்துக் கொடுத்தாள். மதிய இடைவேளையில், டாக்டர் வீட்டுக்குச் சாப்பிடப் போன பிறகு, மொங்கியா ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். ஷிராஸ் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். சிலர் எடுக்கவில்லை. சிலர், சுத்தம் என்று சொல்லிவிட்டீர்களே, பிறகென்ன என்று சிரித்தார்கள். இரண்டு பேர் திட்டினார்கள். வருகிறேன் என்று சொன்னவர்கள் பதினொருவர். வந்தவர்கள் நால்வர்.

இருபத்தேழாவது எண்ணில் தொலைபேசியை எடுத்தது வேறொரு பெண்.

"அஸிஸா என் மருமக. நீங்க யாரு?"

"கிரெம்தா சாலை லேப்லேருந்து, அம்மா. அவங்களை ஒரு தடவை வரச் சொல்லணும். மறுபடி ஒரு பாட்டில் எடுக்கணும்."

"ஏன்? அன்னைக்கு சுத்தம்னீங்களே. கல்யாணத்துக்கு முன்னாடி நானே கேட்டேனே, நீங்கதானே சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன். அன்னைக்கு வைரஸ் காணப்படலைம்மா, அவ்வளவுதான். சுத்தமா இல்லையாங்கிறது..."

"இல்லையாவா?" குரல் ஷிராஸுக்கே கேட்டது. "கேட்டியாடா, உன் பொண்டாட்டியை லேப்ல தேடுறாங்க! கல்யாணம் ஆகி ரெண்டு மாசம் ஆகலை! அஸிஸா, இங்க வாடி! என்ன பண்ணிட்டு வந்தடி?" பின்னால் ஒரு நாற்காலி இழுபடும் ஓசை. ஒரு ஆண் குரல். ஒரு சின்னப் பெண்ணின் குரல், என்னம்மா, நான் என்ன, என்ன என்று.

மொங்கியா கண்ணை மூடிக்கொண்டாள். வலது கையால் ரிசீவரை இன்னும் கிட்டத்தில் பிடித்தாள்.

"அம்மா! அம்மா, கேளுங்க! வேற பேரைப் பார்த்துட்டேன். என் கண்ணு அவிஞ்சுபோச்சு. உங்க மருமக சுத்தம்."

எதிர்முனையில் சத்தம் நின்றது.

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

"பார்த்துட்டேன். டாக்டர் கையெழுத்தே இருக்கு. சுத்தம்மா. சுத்தம்."

ரிசீவரை வைத்துவிட்டு, மொங்கியா படிவத்தைத் திருப்பிப் பார்த்தாள். அந்தப் பெண் வந்தது கல்யாணத்துக்கு முந்திய வாரம். கட்டத்தில் மொங்கியாவின் கிறுக்கல்: மத்மஸெல்.

"எழுதிக்கோ," என்றாள்.

"என்னன்னு எழுத, லல்லா?"

மொங்கியா அதற்குள் அடுத்த படிவத்தை எடுத்திருந்தாள். ஷிராஸ் இருபத்தேழுக்கு எதிரே 'வரமாட்டாள்' என்று எழுதினாள். எழுதியது சரிதானா என்று ஒரு நிமிஷம் பார்த்தாள். மொங்கியா அடுத்த எண்ணைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.